வாரம் 2 நாள் ஸ்கூல், 3 நாள் வீடு: அமெரிக்காவின் ‘ஹைபிரிட்’ கிறிஸ்தவப் பள்ளிகள் எப்படி இயங்குகின்றன?

செவ்வாய்க்கிழமை காலை 8 மணி. டெக்சாஸ் மாகாணத்தில் 4-ம் வகுப்பு படிக்கும் ஒரு பிள்ளை யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு ஸ்கூலுக்குக் கிளம்புகிறது. அங்கே லத்தீன் சொற்களை ராகம் போட்டு ஒப்பிக்கிறது, பைபிள் வாசிக்கிறது, கணக்கு டீச்சரிடம் பின்னம் கற்றுக்கொள்கிறது. மறுநாள் புதன்கிழமை. அதே பிள்ளை, அதே பின்னம். ஆனால் இடம், வீட்டுச் சாப்பாட்டு மேசை. டீச்சர், அம்மா.

அன்று லீவு இல்லை. ஆன்லைன் கிளாஸும் இல்லை. இந்த மாதிரிப் பள்ளிகளின் கால அட்டவணையே இப்படித்தான். வாரத்தில் 2 அல்லது 3 நாள் வகுப்பறை. மீதி நாட்களில் பள்ளி கொடுத்தனுப்பும் பாடத்தை வீட்டில் பெற்றோர் நடத்த வேண்டும். அமெரிக்காவில் ‘கிளாசிக்கல் கிறிஸ்டியன்’ பள்ளிகள் பலவும் இப்போது இந்தப் பாணியில் நடக்கின்றன.

ஹோம்ஸ்கூலிங் தெரியும், தனியார் பள்ளி தெரியும். இரண்டையும் பாதிப் பாதியாகக் கலந்த இந்த மாடல் எங்கிருந்து வந்தது? யாருக்கு இது ஒத்துவரும்? யாருக்கு வராது?

அது என்ன ‘யுனிவர்சிட்டி மாடல்’?

இந்தப் பள்ளிகளில் ஒரு பெரிய பிரிவு தங்களை ‘யுனிவர்சிட்டி மாடல்’ என்று அழைத்துக்கொள்கிறது. பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கல்லூரிக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமை டைம்டேபிளில் மட்டும்தான். அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு பாடத்துக்குத் திங்கள், புதன், வெள்ளி அல்லது செவ்வாய், வியாழன் என்று வகுப்பு இருக்கும். மற்ற நாட்களில் மாணவர் தானாகப் படிக்க வேண்டும். அந்த ஏற்பாட்டை ஒண்ணாம் வகுப்புக்கே கொண்டுவந்தால் என்ன என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் இது. கல்லூரி மாணவர் நூலகத்துக்குப் போவார். 6 வயதுக் குழந்தை வீட்டுக்குப் போகும்.

இதன் தொடக்கப் புள்ளியாகச் சொல்லப்படுவது, டெக்சாஸின் ஆர்லிங்டன் நகரில் 1993-ல் தொடங்கப்பட்ட கிரேஸ் ப்ரிபரேட்டரி அகாடமி. அதன் அனுபவத்தைப் பார்த்து மற்ற ஊர்களிலும் பள்ளிகள் முளைத்தன. 2002-ல் இவற்றுக்கென்று தனிச் சங்கமே உருவானது.

இன்னொரு பாணியும் உண்டு. 1997-ல் வடக்கு கரோலினாவில் லீ போர்ட்டின்ஸ் தொடங்கிய ‘கிளாசிக்கல் கான்வர்சேஷன்ஸ்’ அதற்குப் பிரபலமான உதாரணம். இதில் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் குடும்பங்கள் ஒன்றுகூடும். சிறு பிள்ளைகளின் வகுப்பில் பெற்றோரும் கூடவே உட்கார்ந்திருப்பார்கள். மீதி எல்லாமே வீட்டில்தான்.

இரண்டுக்கும் உள்ள முக்கிய வித்தியாசம் பொறுப்பு யாருடையது என்பதில் இருக்கிறது. யுனிவர்சிட்டி மாடலில் சிலபஸ், தேர்வு, மதிப்பெண் எல்லாம் பள்ளியின் கையில். பெற்றோர் அதன் துணை ஆசிரியர். ஒரு நாள் கூடும் குழுக்களில் பெற்றோர்தான் ஆசிரியர். குழு அவருக்குத் துணை.

வீட்டு நாளில் என்ன நடக்கும்?

இதை ஹோம்வொர்க் என்று நினைத்தால் தப்பு. ஹோம்வொர்க் என்பது பள்ளியில் படித்ததைத் திரும்பச் செய்து பார்ப்பது. இங்கே வீட்டு நாளும் பாட நாள்தான். எந்தப் பக்கம் வாசிக்க வேண்டும், எந்தக் கணக்குப் போட வேண்டும், எந்த வரிகளை மனப்பாடம் செய்ய வேண்டும் என்று டீச்சர் நாள்வாரியாகத் திட்டம் அனுப்பிவிடுவார். புதன்கிழமை பகுதியை வீட்டில் முடிக்காமல் வியாழக்கிழமை வகுப்புக்குப் போனால், அந்தப் பிள்ளைக்கு அன்றைய பாடம் புரியாது.

பிள்ளை வளர வளர பெற்றோரின் வேலை மாறும். ஆரம்ப வகுப்புகளில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். நடுநிலை வகுப்புகளில் சந்தேகம் வந்தால் உதவினால் போதும். மேல்நிலைக்கு வந்ததும், பிள்ளை தானாகப் படிக்கிறதா என்று கவனிக்கும் மேற்பார்வையாளர் ஆகிவிடுவார்கள். ‘எனக்கே அல்ஜீப்ரா வராதே, நான் எப்படிச் சொல்லிக்கொடுப்பேன்?’ என்ற பயத்துக்கு இந்த மாடலின் பதில் இதுதான்: கஷ்டமான பாடம் வரும் வயதில் வகுப்பறை ஆசிரியரின் பங்கு கூடிவிடும், உங்கள் பங்கு குறைந்துவிடும்.

சரி, ‘கிளாசிக்கல்’ எங்கே வந்தது?

வீடு-பள்ளி டைம்டேபிள் ஒரு ஓடை என்றால், ‘கிளாசிக்கல்’ பாடத்திட்டம் இன்னொரு ஓடை. இரண்டும் தனித்தனியாகத் தொடங்கிப் பின்னர் கலந்தவை. யுனிவர்சிட்டி மாடல் பள்ளிகள் எல்லாமே கிளாசிக்கல் கிடையாது. கிளாசிக்கல் பள்ளிகள் பலவும் வாரம் 5 நாளும் நடக்கின்றன.

கிளாசிக்கல் கதை இங்கிலாந்தில் ஆரம்பிக்கிறது. துப்பறியும் நாவல்களால் புகழ்பெற்ற எழுத்தாளர் டோரதி சேயர்ஸ், 1947-ல் ஆக்ஸ்போர்டில் ஓர் உரை நிகழ்த்தினார். பிள்ளைகளுக்கு நிறையப் பாடங்களைக் கற்பிக்கிறோம், ஆனால் எப்படிக் கற்பது, எப்படிச் சிந்திப்பது என்பதைக் கற்பிக்கத் தவறிவிட்டோம் என்பதே அவரது ஆதங்கம். அதற்கு அவர் காட்டிய வழி, இடைக்கால ஐரோப்பாவின் ‘ட்ரிவியம்’. அதாவது இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை என்ற மூன்று கலைகள்.

சேயர்ஸ் இவற்றைப் பிள்ளையின் மூன்று பருவங்களோடு பொருத்தினார். முதலாவது கிளிப் பருவம். எதைக் கொடுத்தாலும் சந்தோஷமாக ஒப்பிக்கும் வயது. நம்மூர்ப் பிள்ளைகள் வாய்ப்பாட்டையும் ஆத்திசூடியையும் பாட்டாகச் சொல்வதை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது எதிர்த்துப் பேசும் பருவம். ‘ஏன்? எதுக்கு? நீங்க சொல்றது எப்படிச் சரி?’ என்று வாதாடும் 12, 13 வயது. அந்த வயதில் தர்க்கத்தைக் கற்றுக்கொடுத்தால் வாதம் ஒழுங்காகும் என்றார். மூன்றாவது, தன் மனதில் உள்ளதைத் தன் வார்த்தையில் சொல்லத் துடிக்கும் பருவம். அப்போது எழுத்தும் பேச்சும்.

அந்த உரை ஒரு பள்ளித் திட்டமாக மாற முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1981-ல் ஐடஹோ மாகாணத்தின் மாஸ்கோ நகரில் லோகோஸ் பள்ளி தொடங்கியது. அதன் நிறுவனர்களில் ஒருவரான போதகர் டக்ளஸ் வில்சன், 1991-ல் சேயர்ஸின் யோசனையை விரித்து ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்த பெற்றோரும் சபைகளும் ஆங்காங்கே பள்ளிகள் தொடங்க, 1990-களில் இது ஓர் இயக்கமானது. ஜெசி வைஸும் அவரது மகள் சூசன் வைஸ் பவரும் 1999-ல் எழுதிய வழிகாட்டி நூல், இதே ட்ரிவியத்தை வீட்டிலிருந்தே கற்பிக்க விரும்பிய குடும்பங்களிடம் கொண்டுசேர்த்தது.

நடைமுறையில் பார்த்தால், சின்ன வகுப்பில் லத்தீனும் வரலாற்றுக் காலவரிசையும் பாட்டாக வரும். 7, 8-ம் வகுப்பில் தர்க்கம் தனிப் பாடம். மேல் வகுப்பில் ஹோமர், அகஸ்டின், தாந்தே, ஷேக்ஸ்பியர் என்று நேரடி வாசிப்பு. பள்ளி முடிக்கும் ஆண்டில் ஒரு தலைப்பில் ஆய்வுரை எழுதி, குழு முன் நின்று கேள்விகளுக்குப் பதில் சொல்வது பல பள்ளிகளில் வழக்கம்.

இதற்கு வரலாற்றாசிரியர்கள் சொல்லும் ஒரு திருத்தமும் உண்டு. இடைக்காலத்தில் இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை மூன்றும் பாடங்கள்தான். வயதுப் பருவங்கள் கிடையாது. பருவம் என்ற பொருத்தம் சேயர்ஸின் சொந்த யோசனை. ஆக, ‘பழைய முறைக்குத் திரும்புகிறோம்’ என்று சொல்லும் இந்த இயக்கத்தின் மையக் கருத்துக்கு வயது என்னவோ 80-க்கும் குறைவுதான்.

‘கிறிஸ்தவ’ என்பது எந்த அளவுக்கு?

காலையில் ஒரு ஜெபத்தோடு முடிந்துவிடும் விஷயம் இல்லை. வரலாறு, அறிவியல், இலக்கியம் என எல்லாப் பாடத்தையும் பைபிளின் பார்வையிலிருந்து அணுகுவதே நோக்கம் என்று இந்தப் பள்ளிகள் வெளிப்படையாகச் சொல்கின்றன. சேர்க்கையிலும் இது தெரியும். சில பள்ளிகளில் பெற்றோரில் ஒருவராவது விசுவாசியாக இருக்க வேண்டும். நம்பிக்கை அறிக்கையில் கையெழுத்துக் கேட்பார்கள். வேறு சில பள்ளிகள் எல்லாக் குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு, பாடம் மட்டும் கிறிஸ்தவ அடிப்படையில் நடத்தும்.

பெற்றோரை வகுப்புக்குள் இழுப்பதற்கும் இதுவே காரணம். பிள்ளையை வளர்க்கும் பொறுப்பு முதலில் பெற்றோருக்கு, பள்ளி அதற்கு உதவி மட்டுமே என்பது இவர்களின் நம்பிக்கை. வாரத்தில் 3 நாள் வீடு என்பது செலவு குறைக்கும் உத்தி மட்டும் இல்லை, அதுவே கொள்கையும்கூட.

சட்டம் இதை எப்படி அனுமதிக்கிறது?

இதற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டு வழக்கு வரலாறு இருக்கிறது. 1922-ல் ஓரிகன் மாகாணம், பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பள்ளி தொடர்ந்த வழக்கில், 1925-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. பிள்ளையின் கல்வியைத் தீர்மானிப்பதில் பெற்றோருக்கு உரிமை உண்டு என்பது அப்போதிலிருந்து அங்கே சட்டக் கோட்பாடு.

1972-ல் ஆமிஷ் சமூகப் பெற்றோர் 8-ம் வகுப்புக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த வழக்கிலும் பெற்றோரே வென்றார்கள். ஆனால் அதில் நீதிபதி வில்லியம் டக்ளஸ் ஒரு கேள்வியைத் தனியே பதிவு செய்தார். பெற்றோரின் விருப்பத்தைக் கேட்டோம், அரசின் வாதத்தைக் கேட்டோம். பிள்ளை என்ன விரும்புகிறது என்று கேட்க வேண்டாமா? அந்தக் கேள்வி இன்றும் முடிந்தபாடில்லை.

டெக்சாஸில் நடந்த போராட்டம் இன்னும் நேரடியானது. 1980-களில் அங்கே ஹோம்ஸ்கூலிங் செய்த பெற்றோர் மீது கட்டாய வருகைச் சட்டத்தின்கீழ் வழக்குகள் பாய்ந்தன. குடும்பங்கள் சேர்ந்து எதிர்வழக்குப் போட்டன. 1987-ல் கீழ் நீதிமன்றத்திலும், 1994-ல் மாகாண உச்ச நீதிமன்றத்திலும் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. முறையாகப் பாடம் நடத்தும் வீடு, சட்டத்தின் கண்ணில் தனியார் பள்ளிதான் என்று உறுதியானது. அந்த வழக்கின் பிரதிவாதிகளில் ஒன்று ஆர்லிங்டன் கல்வி மாவட்டம். யுனிவர்சிட்டி மாடல் பிறந்த அதே ஆர்லிங்டன்!

இப்போ ஏன் இவ்வளவு பேச்சு?

முதல் காரணம், கொரோனா. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் ஆய்வுப்படி, 2020 வசந்த காலத்தில் 5.4% குடும்பங்கள் ஹோம்ஸ்கூலிங் செய்தன. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் அது 11.1% ஆனது. கறுப்பினக் குடும்பங்களில் 3.3%-லிருந்து 16.1% ஆக உயர்ந்தது. பள்ளி திறந்த பிறகு பலர் திரும்பிப் போனாலும், ‘வீட்டிலும் படிக்கலாம்’ என்ற எண்ணம் நிறையப் பேரிடம் தங்கிவிட்டது. முழுநேர ஹோம்ஸ்கூலிங் தாங்காது என்று நினைத்தவர்களுக்கு ஹைபிரிட் ஒரு நடுவழி.

இரண்டாவது, அரசியல். டொனால்டு டிரம்ப் அரசில் ராணுவத் துறையின் தலைவராக 2025-ல் பொறுப்பேற்ற பீட் ஹெக்செத், 2022-லேயே கிளாசிக்கல் கிறிஸ்தவக் கல்வியை ஆதரித்து ஒரு புத்தகத்தை இணைந்து எழுதியவர். பழைய இலக்கியம் சார்ந்து 2015-ல் தொடங்கப்பட்ட ‘கிளாசிக் லேர்னிங் டெஸ்ட்’ என்ற கல்லூரி நுழைவுத் தேர்வை, எஸ்.ஏ.டி., ஏ.சி.டி. தேர்வுகளுக்கு மாற்றாக 2023-ல் ஃபுளோரிடா ஏற்றுக்கொண்டது.

மூன்றாவது, பணம். அரிசோனா 2022-ல் எல்லா மாணவர்களுக்கும் கல்விக் கணக்குத் திட்டத்தைத் திறந்துவிட்டது. அரசுப் பள்ளிக்குப் போகாத பிள்ளையின் பெற்றோர், அரசுப் பணத்தின் ஒரு பகுதியைத் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கோ வீட்டுப் பாடச் செலவுக்கோ பயன்படுத்தலாம். டெக்சாஸ் 2025 மே மாதம் 100 கோடி டாலர் ஒதுக்கீட்டில் இதே மாதிரி சட்டம் போட்டது. 2026-27 கல்வியாண்டு முதல் நடைமுறை. அங்கீகாரம் பெற்ற தனியார் பள்ளி மாணவருக்குச் சுமார் 10,000 டாலர். ஹோம்ஸ்கூல் பிள்ளைக்கு அதிகபட்சம் 2,000 டாலர்.

இங்கேதான் ஹைபிரிட் பள்ளிகளுக்குச் சிக்கல். வாரம் 2 நாள் ஸ்கூல், 3 நாள் வீடு என்றால் அந்தப் பிள்ளை பள்ளி மாணவரா, வீட்டு மாணவரா? சில மாகாணங்களில் இவர்கள் தனியார் பள்ளிக் கணக்கில் வருகிறார்கள், சிலவற்றில் ஹோம்ஸ்கூல் கணக்கில். இதுவரை அது வெறும் காகித வேலை. இனி அந்த ஒரு வகைப்பாட்டின் விலை ஆயிரக்கணக்கான டாலர்.

ஃபீஸ் கம்மி... ஆனா செலவு யாருக்கு?

இந்தப் பள்ளிகளின் விளம்பரத்தில் தவறாமல் வரும் வரி, ‘முழுநேரத் தனியார் பள்ளியைவிடக் குறைந்த கட்டணம்’. அது உண்மைதான். வகுப்பறை 2 நாள்தான் என்றால் ஆசிரியர் சம்பளமும் குறையும். பல பள்ளிகள் சர்ச் கட்டிடத்தில் வார நாட்களில் நடப்பதால் இடச் செலவும் குறையும்.

ஆனால் மீதி 3 நாளும் ஒருவர் பாடம் நடத்துகிறாரே! ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீட்டு நாளுக்கு 4 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால், வாரத்துக்கு 12 மணி நேரம். கல்வியாண்டு 36 வாரம் என்றால் 432 மணி நேரம். வாரம் 40 மணி நேர வேலையில் அது கிட்டத்தட்ட 11 வாரம். மணிக்கு 15 டாலர் சம்பளம் என்று வைத்தாலே 6,480 டாலர். இது எந்த ரசீதிலும் வராத ஃபீஸ்.

அந்த நேரத்தைக் கொடுப்பது பெரும்பாலான வீடுகளில் அம்மாதான். அமெரிக்காவில் ஹோம்ஸ்கூலிங் செய்யும் குடும்பங்கள் பற்றிய அரசு ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. பெற்றோர் இருவரும் இருந்து, ஒருவர் மட்டும் வேலைக்குப் போகும் வீடுகளில்தான் இது அதிகம். ஒற்றைப் பெற்றோர், ஷிப்டில் வேலை செய்யும் நர்ஸ், இரண்டு சம்பளம் இருந்தால்தான் வாடகை கட்ட முடியும் என்ற குடும்பம் — இவர்களுக்கு அரசு 10,000 டாலர் கொடுத்தாலும் புதன்கிழமை காலை 9 மணிக்கு வீட்டில் இருக்க ஆள் கிடைக்காது.

மறுபக்கமும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இதைத் தேர்ந்தெடுத்த குடும்பங்கள் இதை நஷ்டமாகப் பார்ப்பதில்லை. பிள்ளை எந்தக் கணக்கில் திணறுகிறது, எந்தக் கதையில் கண் விரிக்கிறது என்று நேரில் பார்க்கும் வாய்ப்பு, ரிப்போர்ட் கார்டில் கிடைக்காது. மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு வீட்டு நாள் ஒரு வரம். முழுநேர ஹோம்ஸ்கூலிங்கில் தனியாகத் திண்டாடும் அம்மாவுக்கு, வாரம் 2 நாள் பொறுப்பைப் பகிர ஒரு ஆசிரியர் கிடைக்கிறார்.

விமர்சகர்கள் என்ன சொல்கிறார்கள்?

முதல் கேள்வி, கண்காணிப்பு. நியூயார்க்கில் ஹோம்ஸ்கூல் பெற்றோர் காலாண்டு அறிக்கை தர வேண்டும். டெக்சாஸில் பதிவும் இல்லை, அரசுத் தேர்வும் இல்லை. ஹார்வர்டு சட்டப் பேராசிரியர் எலிசபெத் பார்த்தலெட் 2020-ல் எழுதிய கட்டுரையில், ஹோம்ஸ்கூலிங்கைப் பொதுவாகத் தடை செய்து, தகுதியுள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி தரலாம் என்று வாதிட்டபோது பெரும் சர்ச்சை வெடித்தது. வீட்டில் படித்து வளர்ந்தவர்களே தொடங்கிய ஓர் அமைப்பு, தடை வேண்டாம், குறைந்தபட்சப் பாதுகாப்பு விதிகள் வேண்டும் என்று கேட்கிறது. இந்த விஷயத்தில் ஹைபிரிட் பள்ளிக்கு ஒரு பலம் உண்டு. வாரத்தில் 2 நாளாவது பெற்றோர் அல்லாத ஒரு பெரியவர் அந்தப் பிள்ளையைப் பார்க்கிறார்.

இரண்டாவது கேள்வி, பாடத்தின் எல்லை. மேற்கத்திய நூல்களை மட்டும் மையமாக வைத்தால், மற்ற நாகரிகங்களை எப்போது படிப்பார்கள்? டக்ளஸ் வில்சன் 1996-ல் இன்னொருவருடன் சேர்ந்து எழுதிய, அமெரிக்கத் தென்மாகாணங்களின் அடிமை முறையை மென்மையாகச் சித்தரித்த புத்தகம் கடும் கண்டனத்தைச் சந்தித்தது. எல்லா கிளாசிக்கல் பள்ளிகளும் அவர் வழியில் நடப்பவை இல்லை. ஆனாலும், இயக்கத்தின் வேர் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வி திரும்ப வருகிறது.

கடைசியா என்ன?

எப்படிப் பேச வேண்டும், எப்படி வாதிட வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லித்தர ஆசைப்படுவதில் தப்பே இல்லை. அரசுப் பணம் வந்தால் இந்த மாடல் இன்னும் பல குடும்பங்களுக்கு எட்டும் என்று ஆதரவாளர்கள் நம்புகிறார்கள். கட்டணத்துக்கு அது பதில் சொல்லலாம். நேரத்துக்கு யார் பதில் சொல்வது?

இந்தப் பள்ளியின் பாதி ஆசிரியர்கள் வீட்டில் இருக்கிறார்கள், சம்பளம் இல்லாமல். அப்படி ஒருவரை வைத்திருக்க முடிகிற வீட்டுக்கு இது நல்ல தேர்வாக இருக்கலாம். முடியாத வீட்டுக்கு, எவ்வளவு ஆசைப்பட்டாலும், இது தேர்வுப் பட்டியலிலேயே வராது. சேர்க்கைப் படிவத்தை நிரப்பும் முன் அந்த வீட்டில் பேச வேண்டிய முதல் விஷயமும் அதுதான்: புதன்கிழமை காலையில் யார் வீட்டில் இருப்பது?